போயிருப்பேன் இனத்தார்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை, ஒன்பது இருபது வண்டியில். டிக்கெட் இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று என் அண்ணனுக்கு. அண்ணன் எனக்கு முன்னாலேயே நிலையத்துக்கு வந்து, பெட்டி எண்ணைத் தேடிப் பிடித்து, என் மூட்டையை மேலே ஏற்றி, அது விழாதபடி கயிறுகூடக் கட்டிவிட்டான். பிறகு கீழே இறங்கினான். தன் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"நீ முன்னாடி போ. ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை மட்டும் இல்லாம இருந்திருந்தா, நான் இப்பவே ஏறியிருப்பேன்."

வண்டி நகர்ந்தது. பயணப் பெட்டியோடு வந்து அடுத்தவரை வழியனுப்புகிற மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நடைமேடை முடியும்வரை கையாட்டிக்கொண்டே வந்தான். பெட்டி கனம், ஆகவே இடது கையால்.

அன்றுதான் இந்த இனத்தை நான் முதன்முதலாக இனம் கண்டுகொண்டேன். போயிருப்பேன் இனம். உலகத்தில் யானை குறைகிறது, சிட்டுக்குருவி குறைகிறது என்கிறார்கள். இவர்கள் மட்டும் குறைவதாக ஒரு தகவலும் இல்லை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கு எங்கேயும் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கொட்டாவி விடுவான். போயிருப்பேன் ஆசாமிக்கு அந்த நிம்மதி கிடையாது. அவன் வரைபடம் வாங்குவான், அதை மடிக்கக் கற்றுக்கொள்வான், போகிற ஊரில் மழை எந்த மாதம் என்று விசாரிப்பான், காலணி வாங்கி அது காலைக் கடிக்காதபடி வீட்டுக்குள்ளேயே ஆறு மாதம் போட்டு நடப்பான், போகாத ஊருக்கு வழி கேட்பவனை நாம் கேலி செய்வோமே, அந்த ஊருக்கே வழிகாட்டி எழுதும் அளவுக்குத் தேறிவிடுவான். எல்லாம் செய்வான். ஒன்றைத் தவிர.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தினமும் நூறு தடவை மேலே போவான், நூறு தடவை கீழே வருவான். பக்கவாட்டில் ஓர் அடி நகரமாட்டான். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது லிஃப்ட்டில் மனிதர்களை ஏற்றுவதற்கு முன்னால், அவர்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். எட்டுப் பேர் லிஃப்ட் என்றால் எட்டுப் பேர் கனத்துக்கு மூட்டை. நல்ல வழக்கம்தான். லிஃப்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால்.

அண்ணன் நிறுத்தவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தன் பயணப் பெட்டியை எடை பார்ப்பான். பதினெட்டு கிலோ. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி, இறங்கி, மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பான். பிறகு அதைக் கூடத்து மூலையில், பழைய இடத்திலேயே, தரையில் இருக்கும் தடத்துக்குச் சரியாகப் பொருத்தி வைப்பான். அந்தத் தடத்தை அம்மா துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

இருவரும் ஒன்றாகத்தான் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தோம். கடலுக்கு அந்தப் பக்கம் போனால் வழியெல்லாம் அந்த மொழிதான் என்றார்கள். நான் ஆறு பாடம் படித்துவிட்டு வண்டியேறிவிட்டேன். நான்கு வருடம் அந்த ஆறு பாடத்தையும் இரண்டு கைகளையும் வைத்தே சமாளித்தேன். ஒரு முறை ரொட்டிக் கடையில், நேற்று ரொட்டி வாங்கினேன் என்று சொல்வதற்குப் பதில் நாளை ரொட்டி வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ரொட்டி கிடைத்தது.

அண்ணன் வகுப்பிலேயே இருந்தான்.

நான் திரும்பி வந்த வாரம், "வந்து பாரேன், எங்க வகுப்பு எப்படி வளர்ந்திருக்குன்னு" என்று அழைத்துப் போனான். சைக்கிள் கடைக்கு மேல் மாடி. ஒரு மின்விசிறி, பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, சட்டைப்பையில் மூன்று நிற மார்க்கர். பலகையில் பாடம் பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

"எவ்வளவு நாளா பத்தொன்பது?" என்று பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏழு மாசமா," என்றார் பெருமையாக. "அருமையான பாடம்மா. தாண்ட மனசே வரல."

வாசகரே, அந்தப் பாடம் என்ன என்று ஊகித்திருப்பீர்கள். ஒருவன் என்ன செய்வான், ஆனால் ஏன் செய்யவில்லை என்று சொல்வதற்கான பாடம். அந்த மொழியில் அதற்கு அநியாயத்துக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஈர் என்றால் போவது. அதன் வாலில் ஓர் 'ஈயா'வை ஒட்டிவிட்டால், ஈரீயா. நான் போவேன், அதாவது, இன்னின்னது மட்டும் சரியாக இருந்தால் போவேன். டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம், வயிற்றில் புளி கரைக்க வேண்டாம். ஓர் ஈயா போதும்; போன புண்ணியம் பாதி வந்துவிடும்.

பதினெட்டு பாடம்வரை வாயே திறக்காத வகுப்பாம் அது. பத்தொன்பது வந்ததும் மடை திறந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுக் கடலோரத்தில் படகு வாங்குவார், தம்பி மட்டும் பொறுப்பானவனாக இருந்தால். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர், நாங்கள் தபால் ஐயா என்போம், தன் பழைய மேலதிகாரியை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்பார், அந்த ஆள் மட்டும் உயிரோடு இருந்தால். கடைசி வரிசைப் பெண் நடனம் கற்பாள், முழங்கை மட்டும் வலிக்காமல் இருந்தால். நடனத்துக்கு எதற்கு முழங்கை என்று யாரும் கேட்கவில்லை. இந்த இனத்தில் ஒருவர் காரணத்தை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பது அநாகரிகம்.

"சரி, அடுத்த பாடத்துக்குப் போகலாமா?" என்பார் டீச்சர்.

"இன்னும் ஒரே ஒரு தடவை இதைப் பார்த்துடலாமே டீச்சர்," என்பார் தபால் ஐயா. "அடித்தளம் உறுதியா இருக்கணும் இல்லையா?"

வகுப்பே தலையாட்டும். அண்ணன் எல்லோரையும்விட வேகமாக.

அவன்தான் அந்த வகுப்பின் நட்சத்திரம். நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் பேசுவான்: போவேன், ஒரு மலையடிவார ஊரில் தங்குவேன், அங்கே இருக்கும் பழைய லிஃப்ட்களைச் சரிசெய்வேன், மாலையில் ஒருத்தியோடு நடப்பேன். அந்த ஒருத்தி என்னும் இடத்தில் மட்டும் பலகையைப் பார்ப்பான். பலகைக்கு முன்னால் டீச்சர் நிற்பார். டீச்சர் மார்க்கரின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடுவார்.

இவ்வளவும் ஊருக்கே தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும்கூடத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போயிருப்பேன் ஆசாமி காதலிப்பதும் அப்படித்தான்: எடை பார்ப்பான், தூக்கிப் பார்ப்பான், மூலையில் வைப்பான்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் மேல் படியிலிருந்தே கூப்பிட்டார்.

"லிஃப்ட்காரரே, கொஞ்சம் நில்லுங்க."

அண்ணன் நின்றான். நான் இரண்டு படி கீழே போய், செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் நின்றேன். அவ்வளவு நேரம் சரிசெய்யும்படியான வார் உலகில் இல்லை.

"எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை கிளம்பறேன். திரும்பி வரப்போறதில்ல," என்றார் டீச்சர். பிறகு, சுற்றி வளைக்காமல், நம் வீட்டுத் தமிழில் கேட்டார்: "நீங்களும் வரீங்களா?"

இதற்கு ஒரு சொல்லில் பதில் உண்டு. குழந்தைகூடச் சொல்லும். என் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், தொண்டையைச் செருமிக்கொண்டான், ஸ்பானிஷில் பதில் சொன்னான். வருவேன், அம்மாவுக்கு முழங்கால் சரியாக இருந்தால். வருவேன், வணிக வளாகத்து லிஃப்ட்டின் வருடாந்தரச் சோதனை முடிந்திருந்தால். வருவேன், மழைக்காலமாக இல்லாமல் இருந்தால். நிறுத்தாமல், திக்காமல், ஒன்றரை நிமிடம்.

டீச்சர் முழுவதையும் கேட்டார்.

"ஒரு தப்புகூட இல்ல," என்றார்.

அதைவிடச் சோகமான பாராட்டை நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் நிலையத்துக்குப் போய், டீச்சரின் பெட்டியை ஏற்றி, கயிறு கட்டி, தண்ணீர் பாட்டில் நீட்டி, கையாட்டினான். தன் பெட்டியையும் கொண்டு போயிருந்தான். வழியனுப்புவதில் அவனுக்கு நல்ல பயிற்சி.

வகுப்பு நின்றுவிடும் என்று நினைப்பீர்கள். இந்த இனத்தை இன்னும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அண்ணனே எடுத்து நடத்தினான். பாடம் பத்தொன்பது மட்டும். கூட்டம் அதிகமானது, நாற்காலி பற்றவில்லை. தபால் ஐயா தன் மைத்துனரையும் அழைத்து வந்தார்.

வீட்டில் அம்மா புலம்பினாள். "அந்தப் பொண்ணு கேட்டப்ப இவன் சரின்னு சொல்லியிருந்தா, இந்நேரம் நானும் அங்க போய் நாலு ஊரைப் பார்த்திருப்பேன்."

"உன் முழங்காலைத்தானேம்மா அவன் காரணமா சொன்னான்?"

"என் முழங்காலுக்கு என்னடி கேடு? மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுட்டு வரது யாரு? உங்கப்பாவா?"

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அவனை நான் அப்பவே கண்டிச்சிருப்பேன்," என்றார். பரம்பரை என்பது இதுதான்.

பிறகு ஒரு நாள் அண்ணன் வேலையிலிருந்து முகம் வெளுத்து வந்தான். புதிதாகக் கட்டிய அலுவலகத்தில் எட்டுப் பேர் லிஃப்ட். வழக்கம்போல எட்டுப் பேருக்கும் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறான். எடை கூடினால் அடிக்கும் மணியைச் சோதனைக்காகத் துண்டித்து வைத்திருக்கிறான். அப்புறம் தானும் உள்ளே ஏறிப் பொத்தானை அழுத்தியிருக்கிறான். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம்.

"எப்படிடா?" என்றாள் அம்மா. "பதினோரு வருஷ சர்வீஸ்!"

"எட்டுப் பேரையும் சரியாத்தான் எண்ணினேன்," என்றான். "என்னை எண்ணல."

அவன் தண்ணீர் குடித்தான்.

"மூணு மணி நேரம், எட்டுப் பேரோட உக்காந்திருந்தேன். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடத்துப் பெட்டியின் எதிரில் போய் உட்கார்ந்தான். அடுத்த வாரம் வகுப்புக்குப் போகவில்லை. தபால் ஐயா ஆளனுப்பிக் கேட்டார். அதற்கடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, வெளியூரில் நீண்ட நாள் வேலை என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். யாரும் சந்தேகப்படவில்லை. பெட்டிதான் மூலையில் இருக்கிறதே.

அவன் இல்லாத வீட்டில், இந்த இனத்தைப் பற்றி ஆற அமர யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது. அதன் பலனைத்தான் வாசிக்கிறீர்கள். நன்றாகச் சிரித்திருப்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி, மச்சான் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்திருப்பார்கள். வரட்டும். நடுவில் ஒரு சின்ன வேலை. எழுந்து போய் உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு பாட்டு பழகிய வாத்தியமா? நான்காம் பக்கத்தில் நிற்கும் பயிற்சிப் புத்தகமா? அனுப்பாத கடிதமா? ஒன்றும் இல்லையென்றால் உங்களை வணங்குகிறேன். இருந்தால், அதைத் தூசி தட்டி அதே இடத்தில் வைக்கத்தானே எழுந்தீர்கள்?

என்னைக் கேட்கிறீர்களா? நான் நான்கு வருடம் சுற்றியவள். எனக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திரும்பி வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது, அவ்வளவுதான். போன மாதமே மறுபடி கிளம்பியிருப்பேன், அம்மாவின் முழங்கால் மட்டும்...

இந்த வரியில் பேனாவை வைத்துவிட்டுப் போனவள், மூன்று மாதம் கழித்து இன்றுதான் மறுபடி எடுக்கிறேன். காலையில் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே கீழே தருகிறேன். இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

"இங்க வந்து சேர்ந்துட்டேன். அம்மாகிட்ட நீயே மெதுவா சொல்லு. டீச்சர் பக்கத்துலதான் இருக்காங்க. வந்ததுலேர்ந்து நான் பேசறதுல ஒரு வாக்கியம்கூட சரியில்லையாம், சிரிச்சுச் சிரிச்சு அவங்களுக்கு வயிறு வலிக்குதாம். பெட்டியைத் தூக்கினா கிளம்ப மாட்டேன்னு தெரியும், அதான் விட்டுட்டு வந்தேன். அது இனிமே உனக்கு. பதினெட்டு கிலோ. ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்க மறந்துடாதே."