எங்கள் ஊர்க் கருத்துத் தாள் வெறுமையாக வருவதற்கான காரணங்கள்

தலைநகர் நுகுஅலோஃபா, சம்மத வயதுச் சட்டக் குழுவின் செயலாளர் அம்மையாருக்கு,

ஹாபாய்த் தீவிலிருந்து ஊர் அதிகாரி கெலேபி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டாருக்கு ஆண்டவர் சுகம் தரட்டும். எங்களுக்கு மழை மட்டும் தந்திருக்கிறார்.

சம்மத வயதைப் பதினெட்டாக உயர்த்தலாமா, பதினைந்து வயதுப் பெண்ணை அப்பன் கையெழுத்தில் கட்டிக்கொடுக்கும் வழியை அடைக்கலாமா என்று ஊரைக் கேட்டு எழுதச் சொன்னீர்கள். கேட்டேன், அம்மையாரே. தேவாலயக் கூடத்தில் முதல் வரியைப் படித்ததுமே ஆண்கள் எல்லாரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அக்காள் தங்கை இருக்கிற இடத்தில் இந்தப் பேச்சைக் காதில் வாங்கலாமா? இங்கே பெரியப்பா மகள், அத்தை மகள் எல்லாருமே தங்கைதான். நாற்பது வீட்டில் யாருக்கு யார் அந்நியம்? சரியென்று ஆண்களைத் தனியாக அழைத்தேன். காவா வேர்ச்சாறு குடிக்காமல் வாய் திறக்க மாட்டார்கள், காவா கலக்க ஒரு பெண் வேண்டும், வந்தவளோ பாதிப் பேருக்குத் தங்கை முறை. "மழை எப்பண்ணே விடும்?" என்று ஆரம்பித்து மழையிலேயே முடித்தார்கள். மறுநாள் பெண்கள் கூட்டம். எழுதிக்கொள்ள வாத்தியாரை உட்கார வைத்தேன். "அவன் எங்க தம்பிய்யா! அவன் முன்னால இதப் பேசுவோமா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று விரட்டிவிட்டார்கள். நான் எழுதலாமென்றால் நானும் அவர்களுக்கு அண்ணன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதிதான். என் மகள் லெசியெலிக்குப் பதினைந்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பதினேழில் ஒரு கைக்குழந்தையும் ஒரு பாயுமாகத் திரும்பி வந்தாள். இரண்டு வருஷமாக வீட்டில் நாங்களும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம். மனசு பாரமாகத்தான் இருக்கிறது. அதைத் தாளில் எழுத முடியுமா?

ஆகவே வெற்றுத் தாளையே அனுப்புகிறேன். எதுவும் எழுதாவிட்டால் பழைய சட்டமே போதும் என்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தீர்கள்; அப்படியே ஆகட்டும். ஆண்டவர் தங்கள் குழுவையும் இதைக் கொண்டுவரும் கப்பலையும் காப்பாராக.

பணிவுள்ள,
கெலேபி

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிடவும். உறையை ஒட்டப் பசை கேட்டேன். லெசியெலி பசையைக் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டாள்.

"இங்க அடுப்படியில அண்ணன் தம்பி யாரும் இல்லியேப்பா. நான் எழுதலாம்ல?"

"நீ எழுதி என்னம்மா ஆகப்போவுது?"

"அன்னைக்கு என்னை யாரும் கேக்கல. இன்னைக்குத்தான் கேட்டிருக்காங்க."

தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறாள். கீழே ஊர் அதிகாரியின் கையெழுத்து வேண்டுமாமே, போட்டிருக்கிறேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.