வாய் திறக்காமல் வீடு பார்த்தவர்

கொரோனா வந்தால் என்ன, பூகம்பம் வந்தால் என்ன, இந்த வருஷம் பிஷ்கெக் நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றே தீருவது என்று சபதம் எடுத்தேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்து வீட்டில். அங்கே என் மாமியார் ஊல்ஜான் குடியிருக்கிறார். நான் தும்மினால் போதும், கஷாயமும் அறிவுரையும் சேர்ந்தே வரும். இசிக்குல் ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு வாங்கி, மீன் பிடித்துக்கொண்டு, நிம்மதியாகத் தும்மிக்கொண்டு வாழ வேண்டும் என்பது என் ஆசை.

மனைவி சைராகுல் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தாராளமா வில்லுங்க. ஆனா பார்க்க வர்றவங்க முழுக் கவச உடையில வரணும். எதையும் தொடக் கூடாது. வாயே திறக்கக் கூடாது, பேச்சுலதான் கிருமி பரவுதாம்."

"பேசாம எப்படிடி விலை முடிக்கிறது?"

"நீங்க பேசுங்க, அவங்க தலையாட்டட்டும். நீங்க வீட்டுல தினமும் பண்றதுதானே, அதுல என்ன கஷ்டம்?"

மறுநாளே அவள் ஏற்பாட்டில் ஓர் அம்மாள் வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகக்கவசம், அதற்கு மேல் பனிச்சறுக்குக் கண்ணாடி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. திடமான ஆள் என்று மெச்சிக்கொண்டேன்.

முழங்கையால் அலமாரிகளைத் திறந்தேன். காலால் குழாயைத் திருகிக் காட்டினேன். விலை சொன்னேன். உடனே தலையாட்டினார். பேரமே பேசாத மனுஷியைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்து மனசைத் திறந்துவிட்டேன்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. பக்கத்து வீட்டுல ஒரு கிழவி இருக்கு. கதவை மட்டும் திறந்து வைக்காதீங்க, கஷாயத்தோட உள்ள வந்துரும். அதுக்குப் பயந்துதான் நான் ஏரிக்கே ஓடுறேன்."

கண்ணாடியில் ஆவி படிந்தது. சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பியபோதுதான் ரொட்டி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் ஒரு விள்ளல் ரொட்டியாவது வாயில் போடாமல் வாசலைத் தாண்டக் கூடாது. சைராகுல் பதறி, முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருக்கும், வேண்டாம் என்று தடுத்தாள். ரொட்டி தின்னாமல் அனுப்பினால் விற்பனை விளங்குமா? நான் தட்டை நீட்டினேன்.

கண்ணாடி கழன்றது. முகக்கவசம் இறங்கியது. மாமியார் நிதானமாக மென்று விழுங்கினார்.

"வீடு பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. விலையும் முடிஞ்சுது, ரொட்டியும் தின்னாச்சு. இனி பேச்சு மாறக் கூடாது."

எனக்குத் தும்மல் வந்தது.

"ஏரிக்குப் போற ரோட்டையெல்லாம் மூடிட்டாங்க," என்றாள் சைராகுல். "திறக்கிற வரைக்கும் இங்கயே இருப்போம். நடுச் சுவரை இடிச்சிட்டா ரெண்டும் ஒரே வீடு, அம்மாவுக்கும் வசதி."

வெளியாளை உள்ளே விடுவது பாதுகாப்பில்லையாம். அதனால் சுவரை நான்தான் இடித்துக்கொண்டிருக்கிறேன்.