சிவப்பு பாதி, நீலம் பாதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் ஆம்புரோஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி வழுக்கையாக இருப்பதில்லை. சித்தியவான் ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஒரு பாட்டி அவர் மனைவி ஐவியைப் பார்த்து, "அப்பாவையும் மறக்காம கூட்டிட்டு வந்திருக்கியே, நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டார். ஆம்புரோஸுக்கு வயது நாற்பத்தாறுதான். டிசம்பரில் இன்னொரு கல்யாணம். அதே பாட்டி வருவார்.

அந்தச் சமயத்தில் பத்திரிகை ஒன்றில் படித்தார். வெயிலில் பல நிறம் கலந்திருக்கிறது. எந்த நிறத்தை உள்ளே விட்டு எதைத் தடுக்கிறோமோ, அதற்குத் தக்கபடி செடியின் உயிரணுக்கள் வேறு வேறு மாதிரி வளருமாம்.

அவருக்கு ஈப்போவில் ஒரு மிட்டாய் ஆலையில் மத்தியானம் மூன்று மணி ஷிப்டு. மிட்டாய் சுற்றும் கலர் கண்ணாடித்தாள் கழிவு சும்மாவே கிடைக்கும். இரண்டு பால் டின்னில் பச்சைப்பயறு விதைத்து, ஒன்றுக்குச் சிவப்புத் தாள், மற்றதற்கு நீலத் தாள் மூடினார். பத்து நாள் ஓயாமல் குனிந்து குனிந்து பார்த்தார். சிவப்பில் பயிர் நெடுநெடுவென்று ஒல்லியாகக் கிளம்பியது. நீலத்தில் குட்டைதான், ஆனால் தண்டு தடி, இலை கரும்பச்சை.

"ஐவி! சிவப்பு நீட்டுது, நீலம் தடிக்க வைக்குது. முடிக்கு ரெண்டும் வேணும்லா!"

"ரப்பர் மரத்து நெழல்ல முளைச்ச புல்லும் நெட்டையாத்தான் போகும். அதுக்காகத் தலையும் பயறும் ஒண்ணாங்க?"

"உயிரணு எங்க இருந்தாலும் உயிரணுதான்!"

"உங்களால முடியாதுங்க."

"முடி ஏதுன்னுதானே இந்தப் பாடே!"

மறுநாள் ஐவியின் குரல் தேனாக இருந்தது. "ஆஸ்பத்திரி நர்சு மிஸ்ஸிகிட்ட விசாரிச்சேன். பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் உள்ள வெயில்தான் சரியாம். பின்வாசல்ல உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது. அப்பப்ப ரெண்டு கையையும் நல்லா வீசணும்."

"கை எதுக்கு?"

"அப்பதான் ரத்தம் தலைக்கு ஏறுமாம்."

நியாயமாகப் பட்டது. பழைய குடையின் துணியைக் கிழித்துவிட்டு, பாதி சிவப்பும் பாதி நீலமுமாகத் தாள் ஒட்டினார். காற்றடித்தால் சரசரக்கும், பளபளக்கும். அதற்கடியில் ஆறு வாரம் உட்கார்ந்தார். கால்மாட்டில் பாயில் வடகமும் மோர் மிளகாயும் காய்ந்தன. அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. இடப்பக்கம் நீளுமா, வலப்பக்கம் தடிக்குமா என்பதே நினைப்பு. தினமும் தலையைத் தடவிப் பார்த்து நோட்டில் எழுதினார்.

"ஏதாச்சும் தட்டுப்படுதா?"

ஐவி விரலால் தேய்த்தாள். "இடது பக்கம் என்னமோ சொரசொரன்னு இருக்கு. விட்டுடாதீங்க."

அன்று ஆலையில் சக தொழிலாளிகளுக்கெல்லாம் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வீரம்மா வேலியோரம் வந்து நின்றாள். ஆம்புரோஸ் கையை வீசியபடியே நிறம், பயறு, உயிரணு எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினார். வீரம்மா மூன்று தடவை "அப்படியாண்ணே?" என்றாள். பிறகு சமையற்கட்டில் நின்ற ஐவி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஆறு வாரமா உங்க வடகத்துல ஒரு காக்கா, ஒரு மைனா வாய் வைக்கலையே! நாளைக்கு அண்ணனைக் கொஞ்சம் குடுங்களேன்லா. கருவாடு காயப் போடணும்."

வீசிய கை அந்தரத்தில் நின்றது. ஆம்புரோஸ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

ஐவி கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு எனக்கு மாங்கா காயுதுலா. வியாழக்கிழமை வேணா கூட்டிட்டுப் போ."