முப்பது வருடமாக மழை பெய்யாத நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் நலம். உன் முழங்கால் பற்றி நீ ஒரு வரியும் எழுதாததால், வலி அதிகம் என்று புரிந்துகொண்டேன்.

அத்தான் போன பிறகு அந்த வீட்டில் சுவரோடு பேசி அலுத்துவிட்டதாக எழுதி, "உன்னோடு வந்து இருந்துவிடட்டுமா, உங்கள் ஊரில் விழாவும் நல்ல காற்றும் உண்டாமே" என்று கேட்டிருந்தாய். சென்ற ஞாயிறு எங்கள் தெருவிழா நடந்த அழகைச் சொல்கிறேன். பிறகு நீயே முடிவு செய்.

வானிலை அலுவலகத்தில் பதிவேடு பார்க்கிறவள் என்பதால் விழாவுக்கு நாள் குறிக்கும் வேலையைத் தெருச்சங்கத்தார் என் தலையில் கட்டினார்கள். இந்த ஊரில் பருவங்கள் மூன்று: மழை வரும்போல் இருப்பது, மழை, சுவரில் ஈரம். இருந்தாலும் முப்பது வருடப் பதிவைப் பார்த்தேன். ஒரே ஒரு தேதியில் மட்டும் முப்பது வருடமும் மழை சைபர். இந்த வருடம் அது ஞாயிறு வேறு. சங்கச் செயலாளரான தையற்காரர், "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று சொல்லிப் பந்தலே வேண்டாமென்றுவிட்டார். நாலு மணிக்கு விளக்குச் சரம் ஏற்றினார்கள், நாலே காலுக்கு முதல் சொட்டு அவருடைய வழுக்கையிலேயே விழுந்தது, "மழையில்ல, மாடியில யாரோ துணி பிழியறாங்க" என்றார், அவ்வளவு நம்பிக்கை என்மேல், அரை மணியில் காகிதத் தோரணத்துச் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டை வாத்தியக் குழு முழுக்க ஊதாவாகிப் போச்சு, கீழ்வீட்டு ஹெட்மாஸ்டரம்மா குடைக்குள்ளேயிருந்து, "ஏம்மா, முப்பது வருஷம்னியே?" என்றார்.

"பதிவுல அப்படித்தாங்க இருக்கு."

"அப்ப அந்தப் பதிவை மழைகிட்டக் காட்டு. நின்னாலும் நிக்கும்."

திங்களன்று பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதி எங்கள் அலுவலகத்தின் ஆண்டு விழா நாள். விடுமுறை. மழைமானியை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நோட்டில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஒவ்வொரு கோட்டையும் சைபர் ஆக்கியவள் நான்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த விடுமுறையில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவளும் நான்தான்.

இப்போது தையற்காரர் தினமும் கேட்கிறார்: "மேடம், நாளைக்கு வெயில்னு மட்டும் சொல்லிராதீங்க, துணி காயப்போட்டிருக்கேன்."

ஆகவே இந்த ஊர் உன் முழங்காலுக்கு ஆகாது. மாடி அறையில் ஈரம். தெருவில் நம் குடும்பத்துக்கு மரியாதை இல்லை. நீ அங்கேயே இருப்பது நல்லது. எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது.

உன்னை வாழ்த்த எனக்கு வயது போதாது. வலி குறையட்டும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உன் தங்கை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் திரும்பப் படித்தேன். "இங்கே நான் நலம்" என்று அம்மா போனதிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். அந்த மழைமானி போலத்தான், ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியதில்லை. மாடி அறைக்கு நேற்றே வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். நாலு நாளில் காயும் என்கிறார் வெள்ளையடிப்பவர். எட்டு என்று வைத்துக்கொள். கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் நாள் வா. குடை கொண்டு வா, இங்கே ஒன்றுதான் இருக்கிறது.