அத்தை படித்த பொது அறிவிப்பு

எல்லாவற்றையும் தெளிவாக எழுதிவிடக் கூடாது. நூம்பலில் எங்களுக்கிருந்த பதினொரு செண்ட் நிலத்தில் பாதி கைவிட்டுப் போன பிறகே இது எனக்கு உறைத்தது. (பாதி எங்களுடையதே அல்ல என்பது வேறு விஷயம்.)

நிலம் தாத்தா வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு பேர்: என் அப்பாவும் அத்தையும். பட்டா மட்டும் அப்பா பெயருக்கு மாறியிருந்தது. அப்பாவும் காலமானதும் அண்ணனும் நானும் விற்கக் கிளம்பினோம். ஆவடியில் மூன்று படுக்கையறை உள்ள வீட்டுக்கு அண்ணன் முன்பணம் கொடுத்திருந்தார். நிலம் விற்காவிட்டால் அது போய்விடும்.

முத்தாபுதுப்பேட்டையில் இருந்த அத்தைக்குச் சட்டப்படி சரிபாதி. ஆனால் அவர், தனக்கு நிலம் எதற்கு, கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

இடையில், நிலத்தில் வேறு யாருக்காவது உரிமை உண்டா என்று கேட்டு நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்கச் சொன்னார் வாங்குபவர். எங்கள் வக்கீல் எழுதித் தந்தது ஒரே வாக்கியம். அதில் ‘மேற்படி’ ஒன்பது முறை. முற்றுப்புள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. நான் அப்போது ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். வாசகருக்குப் புரியாத வாக்கியத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

“சார், இது யாரும் படிக்கறதுக்கு இல்ல” என்றார் வக்கீல்.

இந்த மனிதருக்கு மொழிப்பற்று இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்தேன். ‘வாரிசுகள்’ என்ற இடத்தில் விளக்கம் சேர்த்தேன்: மகன், மகள், பேரப்பிள்ளைகள். ‘மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் தயங்காமல் எழுதலாம்.’ (‘தயங்காமல்’ என் சொந்தச் சரக்கு.) பூந்தமல்லியில் வக்கீல் அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் போட்டேன்.

அறிவிப்பு வெளிவந்த ஏழாம் நாள் அத்தை அந்த நிறுத்தத்தில் சரியாக இறங்கி, வக்கீல் மேசையில் ஆட்சேப மனுவை வைத்தார். செய்தி கேட்டு அண்ணனும் நானும் ஓடினோம்.

“அத்தை, அது மத்தவங்களுக்குப் போட்டது” என்றேன்.

“மகள்னு போட்டுகீறியே நைனா. எங்கப்பனுக்கு எத்தினி மக?”

அத்தை கோபமாகவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கட்டிக்குடுத்து அனுப்புன நாள்லேருந்து உங்க ஊட்ல ஒருத்தரும் என்னைய ஒண்ணு கேட்டதில்ல. நீதான் மொதமொதல்ல கேட்டுகீற. தயங்காமனு வேற சொல்லிகீற. அப்பால நான் எப்புட்றா சொல்லாம கீறது?”

வக்கீல் என்னைப் பார்த்தார். என்ன படித்தீர்கள் என்று கேட்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

நிலம் விற்றது. அத்தைக்குப் பாதி, எங்களுக்குக் கால் கால். அண்ணனின் முன்பணம் தப்பியது. ஆனால் அதே கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடுதான் அவரால் வாங்க முடிந்தது. இன்றும் நான் அங்கே தங்கினால் கூடத்தில்தான் பாய். யாராவது விருந்தாளி பரிதாபப்பட்டால் அண்ணி நிதானமாக விளக்குவார்:

“எங்க கொழுந்தனார் எழுதினது அத்தைக்குப் புரிஞ்சிடுச்சுங்க. அதான் ஹால்ல படுக்கறாரு.”