குரோஷா சகோதரிகளே வருக வருக

உலக ஒற்றுமைக்காக எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கின்றன. அவற்றுள் தலையாயது செங்கல்பட்டில், ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ‘நூலகம்’ கடையின் முதல் மாடியில் நடந்தது. செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

‘நூலகம்’ என்பது பின்னல் நூல் விற்கும் கடை. குரூப் ஃபோர் கைடு கேட்டு மாடி ஏறி வருபவர்களையும் நாங்கள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒரு குல்லாவுக்காவது கம்பளி நூல் தலையில் கட்டிவிடுவோம். கடை பார்த்தசாரதியுடையது. அவர் மனைவி சுஜாதா மேடம் எங்கள் பின்னல் சங்கத் தலைவி. நான் கலையரசன். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்புகளைச் சிக்கலாக்கிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஸ்வெட்டர் பின்னுகிறேன். செங்கல்பட்டு வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கும் அற்பர்கள் உண்டு. எங்கள் கடை ஏசியில் அரை மணி உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

நாங்கள் அனைவரும் இரட்டை ஊசிக்காரர்கள். ஒற்றைக் கொக்கியை வைத்துக்கொண்டு குரோஷா போடுபவர்கள்மீது எங்களுக்குத் துளியும் வெறுப்பில்லை. வந்தால் மேடம், “உங்களுதெல்லாம் அந்த ஓரமா இருக்கும், பாருங்க” என்று அன்போடு கைகாட்டுவார். அவர்கள் ஓரத்தைப் பார்ப்பார்கள். போய்விடுவார்கள்.

ஒருநாள் மேடம் செல்போனில் எதையோ படித்துவிட்டு எழுந்து நின்றார்.

“வெளிநாட்டுல நூல் கடைங்க எல்லாம் குரோஷாக்காரங்கள ‘அரவணைக்கறாங்களாம்’. நாமும் அரவணைக்கணும், கலையரசன். உடனே!”

“எப்படி மேடம்?”

“அதை ஒரு கூட்டம் போட்டு முடிவு பண்ணலாம்.”

ஏழு கூட்டம் போட்டோம். குரோஷாக்காரர்களுக்கென்று தனி நாற்காலி ஒன்று வாங்கி, யாரும் உட்காராதபடி குறுக்கே ரிப்பன் கட்டினோம். ரிப்பன் வெட்ட ஊட்டியிலிருந்து ஒரு ஸ்வெட்டர் நிபுணரை அழைத்தோம். வரவேற்பு பேனரைத் துணியில் எழுதுவது அவமானம், பின்னித்தான் ஆகவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

“அப்ப அதைக் குரோஷாவுலயே போட்டுடலாமே?” என்றார் பார்த்தசாரதி.

“நம்மள்ல யாருக்குங்க அது தெரியும்?”

யாருக்கும் தெரியாது. எனவே இரட்டை ஊசியிலேயே, கடையிலிருந்த பச்சைக் காட்டன் நூல் முழுவதையும் போட்டு, பதினெட்டு அடிக்குப் பின்னினோம். மேலே தங்கக் காகித எழுத்துகளை ஒட்டினோம்: ‘குரோஷா சகோதரிகளே வருக வருக.’

விழாவன்று நாற்பது பேர் வந்தார்கள். நாற்பதும் நம்மவர்கள். குரோஷாக்காரர்களை அழைக்கும் பொறுப்பு மூன்றாம் துணைக்குழுவுடையது. அந்தக் குழு இன்னும் கூடவில்லை.

நிபுணர் மைக்கைப் பிடித்த நேரத்தில், மூச்சு வாங்க ஒரு பெண் படியேறி வந்தாள். தோளில் பெரிய பை. வாசலில் நின்ற என்னிடம் கேட்டாள்.

“சார், பச்ச காட்டன் நூலு கீதா?”

“இது குரோஷா வரவேற்பு விழா. உறுப்பினரா?”

“நான் ரெபேக்காள் சார். மாமல்லபுரத்துலர்ந்து வரேன். குரோஷா தான் போடறேன்.”

நான் ஆடிப்போனேன். நிஜமான ஒன்று! மேடத்திடம் ஓடினேன். “இப்போ வேணாம். நிகழ்ச்சிநிரல்ல இல்ல. விழா முடியட்டும், அரவணைச்சுக்கலாம்” என்றார்.

திரும்பி வந்தேன். ரெபேக்காள் பையிலிருந்து உள்ளங்கை அகல ஆமை பொம்மை ஒன்றை எடுத்துக் காட்டினாள். உயிர் மட்டும்தான் இல்லை.

“ஓட்டல்காரன் நாப்பது கேட்டுக்கீறான் சார், வர்ற புள்ளைங்களுக்குக் குடுக்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குடுக்கணும். லேட்டானா இனிமே ஆர்டரே இல்லன்ட்டான். ஆறு ஆமைக்கு முதுகு மட்டும் பாக்கி. மதுராந்தகம் வரிக்கும் தேடிட்டேன், இந்தப் பச்ச எங்கியுமே இல்ல.”

“இங்கேயும் இல்லைம்மா. எல்லாம் பேனருக்குப் போய்விட்டது.”

“எந்தப் பேனரு?”

காட்டினேன். உங்களை வரவேற்கத்தான் என்றும் பெருமையோடு சொன்னேன். அவள் பேனரை மேலும் கீழும் பார்த்தாள். அதன் கடைசிப் பகுதி தூணைச் சுற்றி இறங்கியிருந்தது.

“இது நிட்டிங்காச்சே சார். முடிச்சு எங்க கீதுன்னு சொன்னா, இஸ்த்தா வந்துகினே இருக்குமே.”

முப்பது வருஷம் அரசு ரகசியம் காத்தவன் நான். ஆனாலும் என் கண் தானாகத் தூணின் அடிப்பக்கம் போய்விட்டது.

அவள் தரையில் சம்மணமிட்டு முடிச்சை அவிழ்த்தாள். நூல் சரசரவென்று வந்தது; கொக்கி மீன்கொத்தி மாதிரி பாய்ந்தது. நிபுணர் பாரம்பரியம் பற்றிப் பேசி முடிப்பதற்குள் இரண்டு ஆமைக்கு முதுகு முளைத்தது. ‘க’ விழுந்தது. ‘ரு’ விழுந்தது. நன்றியுரை வாசித்த பார்த்தசாரதியின் காலடியில் ஒரு ‘வ’ வந்து உட்கார்ந்தது. ஆறாவது ஆமை நிறைந்தபோது ‘களே வருக வருக’ முழுவதும் காணாமல் போயிருந்தது. சுவரில் மிச்சமிருந்தது: ‘குரோஷா சகோதரி.’ பன்மை போய் ஒருமை வந்துவிட்டது. இலக்கணப்படி மிகச் சரி, வந்தது ஒருத்திதானே.

மேடம் திரும்பிப் பார்த்து அலறியபோது, ரெபேக்காள் திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கிவிட்டாள். நூலுக்கான பணத்தை மட்டும் என் கையில் திணித்திருந்தாள்.

அவசரக் கூட்டம் கூடியது. “நம்மள வந்து அவமானப்படுத்திட்டா!” என்றார் மேடம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்கத் தீர்மானம் ஆனது. நேரில் கொண்டுபோகும் கௌரவம் எனக்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய் விசாரித்துக் கண்டுபிடித்தேன். கடற்கரைச் சவுக்கு நிழலில் ரெபேக்காளும் இன்னும் நாலு பெண்களும் கொக்கியும் கையுமாக இருந்தார்கள். ஆமைகள் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவாம். அடுத்து நூறு நண்டு கேட்டிருக்கிறார்களாம். நோட்டீஸை நீட்டினேன். பாதி படித்தாள். தாள் கெட்டியாக இருந்ததால் நாலாக மடித்து, அதன்மேல் சிவப்பு நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளை நகரச் சொல்லிவிட்டு, பாயைத் தட்டினாள்.

“இன்னா அண்ணாத்த நின்னுகினே கீற? குந்து.”

குந்தினேன். ஏழு கூட்டங்களின் குறிப்புகளையும் என் கையாலேயே எழுதியவன் நான். இந்த ஒரு வார்த்தை அவற்றில் எங்குமே இல்லை.