உங்களை நெட்டில் ஏற்றிவிடுகிறவர்

நம் ஊர்ப்பக்கம் ஓர் இனம் உண்டு. பெண் பார்த்துக் கொடுப்பவர், மனை பார்த்துக் கொடுப்பவர் என்றெல்லாம் முன்பு இருந்தார்கள் அல்லவா, அவர்களுக்குத் தம்பி முறை. உங்களை நெட்டில் ஏற்றிவிடுகிறவர். நீங்கள் வீட்டில் ரவிக்கை தைத்தாலும் சரி, முறுக்குச் சுட்டாலும் சரி, திருவிழாவில் பம்பை அடித்தாலும் சரி, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் தெரியாத்தனமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் உங்களுக்கு ஒரு வெப்சைட் பிறந்துவிடும். காசு கேட்க மாட்டார். அதுதான் ஆபத்தே.

சிதம்பரம் மேலவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ராஜமாணிக்கம் இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு. பிராட்பேண்ட் வந்த புதிதில் அவருக்கு ஒரு ஞானம் உதித்தது. ஊரிலுள்ள கலைஞர்களும் வீட்டுத் தொழில் செய்யும் பெண்களும் அக்கம்பக்கத்திலேயே வாடிக்கை கிடைக்காமல் தவிக்கிறார்கள், தாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். உடனே 'நம்ம ஊரு நம்ம ஆளு' என்று ஒரு தளம் ஆரம்பித்தார். முகப்பில் கோபுரம் மின்னும். கோபுரத்துக்குக் கீழே, இதுவரை வருகை தந்தோர் என்று ஓர் எண் ஓடும். பல் தேய்ப்பதற்கு முன்பே அந்த எண்ணைத் தரிசித்துவிடுவார். அது நாளுக்கு நாள் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? சென்டரில் எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் வருவது அந்தப் பக்கம்தான். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகள்கூடக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மிமிக்ரி கண்ணாயிரத்தின் படம் வாயைப் பிளந்தபடி தளத்தில் ஏறியது. போன் நம்பர் மட்டும் இல்லை. கண்ணாயிரம் கேட்டேவிட்டார்.

"நம்பரப் போட்டா கண்டவனும் கூப்புடுவான்யா. அப்புறம் உன் மதிப்பு என்னாவுறது? ஃபாரம் ஒண்ணு வச்சிருக்கேன். அத ஃபில் பண்ணி அனுப்புனா எங்கிட்ட வரும். நான் பாத்துச் சொல்றேன்" என்றார் ராஜமாணிக்கம்.

கண்டவனும் கூப்பிட வேண்டும் என்றுதானே அந்த மனுஷன் வந்தார்? இந்த இனத்துக்கு அந்த யோசனையெல்லாம் வராது.

அடுத்த தெரு வெண்மதிக்கும் இதே ஃபாரம்தான். ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தவள், முதலாளியின் ஏச்சுப்பேச்சு தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, வளைகாப்புக்குக் கலந்த சாதம் செய்து தருவதாக வீட்டிலேயே தொழில் தொடங்கியிருந்தாள்.

"ஒரே ஒரு வளைகாப்பு கெடச்சா போதும் மாமா. சாப்புட்ட பொம்பளைங்க வாயே நாலு எடத்துக்குக் கொண்டுபோயிடும். இல்லன்னா மறுபடியும் அந்த மெஸ்ஸுக்காரன் மொகத்துலதான் முழிக்கணும்" என்று சொல்லித்தான் தன் படத்தைக் கொடுத்தாள்.

'இன்டர்நேஷனல் வெரைட்டி ரைஸ்' என்று தலைப்பிட்டார் ராஜமாணிக்கம். அடியில், உங்கள் கோரிக்கைக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் அளிக்கப்படும் என்று எழுதினார். மாதங்கள் போயின. வழியில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நல்ல செய்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

"கனடாலேருந்து ரெண்டு பேரு உன் பக்கத்தப் பாத்துருக்கான்."

"கனடாவுக்குத் தயிர் சாதத்த எப்புடி மாமா கொண்டுபோறது?"

"மொதல்ல பாக்கட்டும்மா."

இப்படி இருக்கையில் ராஜமாணிக்கத்தின் மகள் சத்யப்பிரியாவுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வெண்மதி பெரிய அண்டாவை எடுத்துப் பளபளவென்று விளக்கிக் கவிழ்த்து வைத்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிறவர் தன் வீட்டுக்குச் சொல்லாமலா போவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜமாணிக்கத்தின் கணக்கு வேறு. சம்பந்தி வீட்டார் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து காரில் வருகிறவர்கள். அடுத்த தெருப் பெண்ணிடம் சாதம் கிளறி வாங்கினால் கஞ்சன் என்று நினைத்துவிட மாட்டார்களா? நெட்டைத் திறந்தார், தேடினார். பாண்டிச்சேரி கேட்டரிங் ஒன்று முதலில் வந்து நின்றது. போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஃபாரம் கீரம் எதையும் தேடாமல் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

வளையல் போட வெண்மதிக்கு அழைப்பு இருந்தது. வாசலில் பாண்டிச்சேரி வேன் நிற்பதைப் பார்த்தாள். இருந்தாலும் உள்ளே போய், சிரித்த முகமாகச் சத்யப்பிரியாவுக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டாள்.

பந்தி போட்டார்கள். வழியில் ஏதோ ஊர்வலத்தில் மாட்டி, வேன் கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் நின்றிருக்கிறது. தேங்காய் சாதம் நூல் விட்டிருந்தது. தயிர் சாதத்தின் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. சம்பந்தியம்மாள் தில்லையம்மாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"எங்க வாங்குனீங்க சம்பந்தி?"

"பாண்டிச்சேரிங்க. நெட்டுல அவுங்கதான் மொதல்ல வராங்க."

"ஏன், பக்கத்துல யாரும் செய்யறதில்லையா?"

ராஜமாணிக்கம் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே கை கழுவிக்கொண்டிருந்தாள் வெண்மதி.

"வெண்மதி, மானம் போவுது. ஏதாவது பண்ணும்மா."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஃபாரம் ஃபில் பண்ணி அனுப்புங்க மாமா. இருபத்து நாலு மணி நேரத்துல பதில் வரும்."

அவர் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டாள்.

"வாயும் வயிறுமா இருக்குறவ பசியோட ஒக்காந்திருக்கா. அவளுக்காவப் போறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அண்டாதான் விளக்கித் தயாராக இருந்ததே.

எலுமிச்சை சாதமும் புளிசாதமும் சுடச்சுட வந்தன. ஏப்பம் விட்ட தில்லையம்மாள், அடுத்த மாதம் சின்ன மருமகளுக்கும் நீதான் செய்ய வேண்டும் என்று சொல்லி நம்பர் கேட்டார். வெண்மதி கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். பெண்கள் செல்போனை எடுத்தார்கள்.

மறுநாள் தளத்தின் முகப்பில், கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு செய்தி மின்னியது: நமது தளத்தின் மூலம் வெண்மதிக்கு முதல் ஆர்டர். அவள் நம்பரை அப்போதும் போடவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நீங்களும்தான் உள்ளூர்க்காரர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போகட்டும், உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்துக்குச் சாப்பாடு எந்த ஊரிலிருந்து வந்தது? அன்றைக்கு உங்கள் அடுத்த தெருவில் யாராவது அண்டாவை விளக்கிக் கவிழ்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று, எதற்கும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.